மாடு மேயும் இடத்தில் பாட்டில் எதற்கு?

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கே சோமர்செட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. பாலுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பேர் போன மாவட்டம். "செடார்" என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தப் பாலாடைக் கட்டிக்குப் பெயர் கொடுத்த செடார் கிராமம் இங்கேதான் இருக்கிறது.

அதே மாவட்டத்தில் பில்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பால் பண்ணை. அதன் பெயர் வொர்த்தி பண்ணை.

அங்கே மாடுகள் மேய்கின்றன. விழா நடக்கும் வருஷங்களில், ஜூன் மாதக் கடைசியில் ஐந்து நாள் விழாவுக்காக, மாடுகள் கொட்டகைக்குள் போய்விடும். மனிதர்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். பத்துப் பேர், நூறு பேர் அல்ல. 2 லட்சம் பேருக்கு மேல்!

உலகப் புகழ் பெற்ற கிளாஸ்டன்பரி இசை விழா நடப்பது இந்தப் பண்ணையில்தான்.

விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள், குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள், முதுகு வலிக்காரர்கள் ஆகியோர் "கேம்பர் வேன்" என்ற வண்டியில் வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, அலமாரி, குளிர்ப்பெட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த மோட்டார் வண்டி அது. சக்கரம் வைத்த வீடு என்றே சொல்லலாம். அந்த வண்டிகளுக்குத் தனி டிக்கெட்டு உண்டு. விழாவின் பெரிய வேலிக்கு வெளியே தனி மைதானங்களும் உண்டு.

இந்த விழாவில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. கண்ணாடிப் பொருள் எதையும் கொண்டு வரக் கூடாது என்பதே அது.

கூடாரக்காரர்கள் இந்த விதியை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. முதுகில் சுமந்து கொண்டு நடக்க வேண்டியவர்கள் அவர்கள். கனமான கண்ணாடிப் பாட்டிலை அவர்களே விரும்ப மாட்டார்கள். வண்டிக்காரர்கள் அப்படி அல்ல. சுமை அவர்கள் தோளில் இல்லை. சக்கரத்தின் மேல் இருக்கிறது. அதனால் ஆசை வருகிறது. ஆசை வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும்!

"என் வீடு, என் பாட்டில்"

வண்டிக்காரர்கள் சொல்லும் நியாயம் இதுதான்:

"வண்டி எங்கள் வீடு. வீட்டுக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்று மற்றவர்கள் ஏன் கேட்க வேண்டும்? பாட்டிலை எடுத்துக் கொண்டு பாட்டுக் கேட்கும் கூட்டத்துக்குள் போகப் போவதில்லை. அலமாரியில் இருக்கும். இரவில் மேஜை மேல் வைத்து இரண்டு டம்ளர் ஊற்றிக் குடிப்போம். காலி பாட்டிலை வீட்டுக்கே எடுத்துப் போவோம். யாருக்கு என்ன நஷ்டம்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் கோபக்காரர்கள், "வண்டியின் ஜன்னலே கண்ணாடிதானே? அதையும் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் ஜன்னல் கண்ணாடி ராத்திரி பத்து மணிக்கு இறங்கிப் போய்ப் புல் தரையில் உட்காராது. பாட்டில் உட்காரும்.

கேம்பர் வேனில் யாரும் உள்ளேயே அடைந்து கிடப்பதில்லை. கதவைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் துணிப் பந்தல் இழுத்துக் கட்டி, மடக்கு நாற்காலி போட்டு வெளியே உட்காருவதுதான் அந்த வாழ்க்கையின் சுகமே. அடுத்த வண்டிக்காரர் வருவார். பேச்சு நடக்கும். குழந்தைகள் ஓடுவார்கள். பாட்டில் நாற்காலிக் காலடியில் நிற்கும். ராத்திரி வெளிச்சம் குறைவு. ஒரு கால் பட்டால் போதும். புல் மெத்தென்று இருந்தால் பாட்டில் உடையாமல் உருண்டு போகும். கல்லின் மேலோ, கூடார ஆணியின் மேலோ, இன்னொரு பாட்டிலின் மேலோ விழுந்தால்?

உடைத்தவர் நல்லவர்தான். டார்ச் அடித்துத் தேடுவார். பெரிய துண்டுகளைப் பொறுக்குவார். சிறு துண்டுகள் புல்லின் வேரில் போய் ஒளிந்து கொள்ளும். கண்ணாடிக்கு நிறம் இல்லை. பச்சைப் பாட்டில் என்றால் புல்லின் நிறமே அதற்கும். மழை பெய்தால் சேற்றில் புதைந்துவிடும். அந்த விழாவில் மழைக்குப் பஞ்சமே இல்லை. 1997, 2005, 2016 ஆகிய வருஷங்களில் முழங்கால் சேற்றில் நின்று பாட்டுக் கேட்டார்கள்.

வண்டி அவருடையது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வண்டியின் கீழே இருக்கும் புல் யாருடையது? "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற கதையாக அல்லவா இருக்கிறது!

ஒரு பவுனும் ஒரு குவளைப் பாலும்

புல் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் விழாவின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மைக்கேல் ஈவிஸ் என்பவர் ஒரு விவசாயி. 1954-ல் தகப்பனார் இறந்தபோது அவருக்கு வயது 19. பண்ணை அவர் தலையில் விழுந்தது. மாடு கறந்து, கடன் கட்டிக் காலம் தள்ளினார்.

1970-ல் பக்கத்து ஊரான ஷெப்டன் மாலட்டில் நடந்த ஓர் இசை விழாவுக்குப் போனார். கேட்டார், சொக்கிப் போனார். "நம்முடைய பண்ணையிலும் ஒன்று நடத்தினால் என்ன?" என்று நினைத்தார். அதே வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி நடத்தியும் விட்டார்.

டிக்கெட்டு ஒரு பவுன். டிக்கெட்டு வாங்கியவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம்! சுமார் 1,500 பேர் வந்தார்கள்.

அந்த 1,500 பேர்தான் இன்று 2,10,000 பேராக ஆகியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கு அனுமதி உண்டு. ஈவிஸுக்கு 2024-ல் "சர்" பட்டமும் கிடைத்தது. இப்போது விழாப் பொறுப்பை முன்னின்று பார்ப்பவர் அவருடைய மகள் எமிலி ஈவிஸ்.

எத்தனையோ மாறியும் ஒன்று மாறவில்லை. அது இன்னும் மாட்டுப் பண்ணைதான். ஈவிஸ் குடும்பத்து நிலம் மட்டும் விழாவுக்குப் போதாது. சுற்றுவட்டார விவசாயிகளின் நிலங்களும் வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. ஆகவே, கேம்பர் வேன் நிற்கிற இடம் விழாக்காரருடைய நிலமாகவும் இருக்கலாம். விழாவுக்கே போகாத ஒரு விவசாயியின் நிலமாகவும் இருக்கலாம். அந்த விவசாயிக்கு மேடையில் பாடுகிறவர் யார் என்று கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய மாட்டுக்குப் புல் வேண்டும். அவ்வளவுதான்.

இந்த ஒரு காரணத்தால் கிளாஸ்டன்பரியின் கண்ணாடி விதி மற்ற இடத்து விதிகளைப் போன்றது அல்ல. மற்ற இடங்களில் கூட்டம் கலைந்தால் தரையைப் பெருக்கிவிடலாம். இங்கே தரையை மாடு சாப்பிடப் போகிறது!

மாடு எப்படிச் சாப்பிடுகிறது?

மாட்டுக்கு மேல் வாயில் முன் பற்கள் கிடையாது. அது ஆட்டைப் போல நுனிப் புல்லைத் தேர்ந்தெடுத்துக் கொறிப்பதில்லை. நீளமான நாக்கை வெளியே நீட்டி, ஒரு கற்றைப் புல்லைச் சுற்றி வளைத்து, வெடுக்கென்று இழுத்து உள்ளே தள்ளிவிடும். சரியாக மெல்லுவது கூட இல்லை. அப்படியே விழுங்கும். வயிறு நிறைந்ததும் நிழலில் படுத்துக் கொண்டு, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டு வந்து நிதானமாக அசை போடும்.

இந்த அவசரத்தில் புல்லோடு என்ன போகிறது என்று மாட்டுக்குத் தெரியாது. ஆணி போகும். கம்பித் துண்டு போகும். கண்ணாடித் துண்டும் போகும்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. கனமான பொருள்கள் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். உள்ளே தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும் அறை அது. அந்த அறை சுருங்கி விரியும்போது ஆணியோ கம்பியோ சுவரில் குத்தும். அந்தச் சுவருக்கு முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு மெல்லிய தசைத் திரை. அதற்கு அடுத்தாற்போல் இருதயம்!

மாடு தீனி எடுக்காது. பால் குறையும். முதுகை வளைத்துக் கொண்டு நிற்கும். நடக்கச் சொன்னால் முனகும். வாய் இல்லாத ஜீவன். எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

இதற்கு மாட்டு வைத்தியர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். விரல் நீளத்தில் ஒரு காந்தத்தை மாட்டின் வாய் வழியாக உள்ளே தள்ளிவிடுவார்கள். அது அந்தத் தேன்கூட்டு அறையில் போய்த் தங்கும். மாட்டின் ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கும். உள்ளே வருகிற ஆணியையும் கம்பியையும் தன்னோடு ஒட்டிக் கொண்டு குத்தாமல் பிடித்து வைத்திருக்கும். வயிற்றுக்குள் ஒரு காவல்காரன்!

விழா முடிந்த பிறகு மைதானத்திலும் இதே காந்தம்தான் வேலை செய்கிறது. ஆட்கள் வரிசையாக நடந்து குப்பை பொறுக்குகிறார்கள். பிறகு டிராக்டரில் காந்தம் கட்டி நிலத்தின் மேல் ஓட்டுகிறார்கள். கூடாரத்து இரும்பு ஆணிகள் எழும்பி வந்து ஒட்டிக் கொள்ளும்.

ஆனால் காந்தத்துக்குக் கண்ணாடி பிடிபடுமா? மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் காந்தத்துக்கும் பிடிபடாது. டிராக்டரில் கட்டிய காந்தத்துக்கும் பிடிபடாது. மனிதனின் கண் ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஏக்கர் புல்வெளியில் கண்ணாடிச் சில்லைத் தேடுவது என்றால், அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

வயிற்றுக்குள் போனால்தான் ஆபத்து என்பதும் இல்லை. மாடு ஆயிரம் தடவை அந்தப் புல்லை மிதிக்கிறது. குளம்பின் அடிப்பாகம் கல் அல்ல. கூர்மையான சில்லு அதில் ஏறும். ஏறினால் சீழ் பிடிக்கும். நொண்டுகிற மாடு சரியாக மேயாது. மாடு படுக்கும்போது மடி தரையில் படும். மடிக் காம்பில் ஒரு கீறல் விழுந்தால் கறவை என்ன ஆகும் என்று மாடு வளர்த்தவர்களைக் கேட்க வேண்டும்.

குளிர் காலத்துக்கு வேண்டிய தீனியையும் அந்த நாட்டு விவசாயிகள் கோடையிலேயே சேர்த்து விடுகிறார்கள். பச்சைப் புல்லை இயந்திரத்தால் அறுத்து, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தி வைப்பார்கள். வயலில் ஒரு முழுப் பாட்டில் கிடந்தால் அந்த இயந்திரம் அதை விட்டு வைக்காது. நொறுக்கி, புல்லோடு கலந்து, மலை போலக் குவித்துவிடும். ஜூன் மாதத்தில் ஒருவர் மறந்து வைத்த பாட்டில் ஜனவரி மாதத்தில் மாட்டின் தீனித் தொட்டிக்கு வந்து சேரும்.

காற்றில் பறக்க விடுகிற காகித விளக்குகளையும் இந்த விழாவில் அனுமதிப்பதில்லை. பறக்கும்போது அழகாகத்தான் இருக்கும். விழுந்த பிறகு அதன் கம்பி புல்லில் கிடக்கும். அங்கேயும் கதை மாட்டிடம்தான் போய் முடிகிறது.

இலாபத்துக்காகப் போட்ட விதியா?

சில விழாக்களில் வெளிப் பானங்களைத் தடுப்பதற்கு வேறு காரணம் இருக்கும். உள்ளே கடை வைத்திருப்பார்கள். ஒன்றுக்கு மூன்று விலை வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து கொண்டு வந்தால் அவர்கள் வியாபாரம் படுத்துவிடும். அதனால் பாதுகாப்பு என்று சொல்லிப் பாட்டிலைப் பிடுங்குவார்கள். ஜனங்கள் சந்தேகப்படுவதில் தவறு இல்லை.

ஆனால் கிளாஸ்டன்பரியில் அந்தச் சந்தேகம் செல்லாது. சொந்த உபயோகத்துக்கு வேண்டிய பானத்தைக் கொண்டு வர அங்கே அனுமதி உண்டு. மது ஆனாலும் சரி, சர்பத்து ஆனாலும் சரி. பானத்துக்குத் தடை இல்லை. அது இருக்கிற பாத்திரத்துக்குத்தான் தடை. டின்னில் கொண்டு வரலாம். பெட்டியில் கொண்டு வரலாம்.

திராட்சை மதுவைப் பைக்குள் ஊற்றி, பையை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, விற்கும் முறையை ஆஸ்திரேலியாக்காரரான தாமஸ் ஆங்கோவ் என்பவர் 1965-லேயே தமது பெயரில் பதிவு செய்துவிட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், "பாட்டில் இல்லாமல் எப்படிக் கொண்டு வருவது?" என்று கேட்டால் அது சாக்குப் போக்குத்தான். குடிக்காமலே பாட்டுக் கேட்கலாமே என்று சில வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர்கள் கட்சியும் ஒரு கட்சிதான். ஆனால் இந்தத் தகராறு மதுவைப் பற்றியது மட்டும் அல்ல. பழப்பாகு, ஊறுகாய், குழந்தை உணவு, வாசனைத் தைலம் எல்லாமே கண்ணாடியில்தான் வருகின்றன. குடிக்காத குடும்பத்தின் வண்டியிலும் அலமாரியைத் திறந்தால் ஆறு கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கும்.

பிளாஸ்டிக்கும் கூடாது, கண்ணாடியும் கூடாதா?

வண்டிக்காரர்கள் கேட்கும் இன்னொரு கேள்விதான் உண்மையில் கனமானது.

"பிளாஸ்டிக் கெடுதல் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். கண்ணாடிக்கு மாறுங்கள் என்கிறார்கள். மாறினோம். இப்போது கண்ணாடியும் கூடாது என்றால் எதில்தான் குடிப்பது?"

கிளாஸ்டன்பரியில் 2017-ல் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் விற்றன. 2019-ல் அந்த விற்பனையை அடியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம், இயற்கையைப் பற்றிய படங்களால் உலகப் புகழ் பெற்ற முதியவர் டேவிட் அட்டன்பரோ மேடைக்கு வந்து நன்றி சொன்னார். ஜனக்கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆகவே பிளாஸ்டிக்கைத் திட்டுவதில் விழாக்காரர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

அப்படியானால் கண்ணாடியை ஏன் விரட்டுகிறார்கள்? முரண்பாடு போலத் தோன்றும். முரண்பாடு இல்லை.

கண்ணாடி நல்லது என்று ஏன் சொல்கிறோம்? அது திரும்பி வருவதால். இங்கிலாந்தில் பால்காரர் விடியற்காலையில் வாசல்படியில் கண்ணாடிப் பாட்டிலில் பால் வைப்பார். மறுநாள் காலியை எடுத்துப் போவார். கழுவி, மறுபடி நிரப்பிக் கொண்டு வருவார். ஒரே பாட்டில் திரும்பத் திரும்ப உழைக்கும். உடைந்தாலும் உருக்கி வேறு பாட்டில் செய்யலாம். பால்காரரும் வாசல்படியும் இருக்கிற வரையில்தான் கண்ணாடிக்கு அந்தப் பெருமை.

புல்வெளியில் வாசல்படி ஏது? பால்காரர் ஏது? அங்கே உடைந்த பாட்டில் யாரிடமும் திரும்பிப் போகாது. மண்ணிலேயே கிடக்கும். காகிதம் என்றால் மக்கும். இரும்பு என்றால் துருப்பிடிக்கும். மணலை உருக்கிச் செய்த கண்ணாடி மட்டும் பேரன் காலத்திலும் அப்படியே கூர்மையாக இருக்கும்.

டின்னும் சாமானியப் பொருள் அல்ல. கீழே போட்டுவிட்டால் அதையும் இயந்திரம் நறுக்கித் தீனியில் கலந்துவிடும். அலுமினியமும் காந்தத்துக்குப் பிடிபடாது. ஆனால் டின் கீழே விழுந்தால் நசுங்கும். நூறு சில்லாகச் சிதறாது. கண்ணுக்குத் தெரியும். ஒரு சிறு பிள்ளை கூடக் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுவிடும். அதுதான் வித்தியாசம். எல்லாவற்றையும் விட மேலானது எவர்சில்வர். விழுந்தால் "டங்" என்று சத்தம் போட்டுத் தன்னையே காட்டிக் கொடுக்கும்!

"ஒரு பாட்டிலால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,10,000 பேரில் நூற்றுக்கு ஒருவர் ஒரே ஒரு பாட்டிலை உடைத்தால் 2,100 பாட்டில்கள். ஒரு பாட்டில் 50 துண்டாக உடைந்தால் 1,05,000 துண்டுகள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் யோக்கியர்கள் என்று வைத்துக் கொண்டே போட்ட கணக்கு இது.

கொலோன் நகரத்தில் நடந்தது

மாடு இல்லாத இடத்திலும் இதே வழக்கு நடந்திருக்கிறது.

ஜெர்மனி தேசத்தில் கொலோன் என்ற நகரம். குளிர் காலக் கடைசியில் அங்கே வீதியெல்லாம் வேஷம் கட்டி ஆடும் பெரிய திருவிழா நடக்கும். குடித்த பாட்டில்களை வீதியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் மிதித்து மிதித்துத் தரை முழுவதும் கண்ணாடிப் பொடியாகிவிடும். காலில் குத்தி, கையில் கிழித்து, வைத்தியரிடம் ஓடுவார்கள்.

2010-ல் நகராட்சி துணிந்து, திருவிழாவின் முக்கிய நாட்களில் பழைய நகரப் பகுதிக்குள் கண்ணாடி கொண்டு வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. "தனி மனிதன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்பதில் தலையிட இவர்கள் யார்?" என்று கூச்சல் கிளம்பியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கீழ்க் கோர்ட்டில் நகராட்சிக்குப் பாதகமான தீர்ப்பு. மேல் கோர்ட்டு உத்தரவை அமல் நடத்த அனுமதி கொடுத்தது.

திருவிழா நின்றுவிட்டதா? இல்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் ஆட்டமும் பாட்டமும் நடந்தன. குடிக்கிறவர்கள் கோப்பைக்கு மாறிக் கொண்டார்கள்.

யார் சோதனை போடுவது?

விதி சரி. அதை நடத்துவது எப்படி என்பதில்தான் சங்கடம். இங்கே வண்டிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஒருவர் முதுகுப் பையைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் போதும். கேம்பர் வேன் அப்படியா? படுக்கைக்கு அடியில் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் அறை. அடுப்புக்குக் கீழே அலமாரி. முழுதாகச் சோதிப்பதென்றால் அரை மணி நேரம் ஆகும். பின்னால் மைல் கணக்கில் வண்டிகள் காத்து நிற்கும். தவிர, ஒரு குடும்பத்தின் போர்வையையும் உள்ளாடையையும் வாசலில் நிற்கும் ஆள் கலைத்துப் பார்ப்பது மரியாதை அல்ல. அந்த அளவுக்குப் போகக் கூடாது.

அதனால் என்ன ஆகிறது? ஒளித்து வைக்கத் தெரிந்தவர் ஒளித்து வைக்கிறார். உண்மை பேசுகிறவர் வாசலில் மாட்டிக் கொள்கிறார். நல்ல பாட்டிலைப் பிள்ளைகள் எதிரே ஒப்படைத்துவிட்டுத் தலை குனிந்து உள்ளே போகிறார். கள்ளருக்கு விருந்து, நல்லவருக்கு அபராதம்!

இதற்கு வாசலில் பரிகாரம் தேடிப் பிரயோஜனம் இல்லை. டிக்கெட்டு விற்கும்போதே தேட வேண்டும். கேம்பர் வேன் டிக்கெட்டு வாங்குகிறவருக்கு, "கண்ணாடி கூடாது, காரணம் மாடு" என்று கொட்டை எழுத்தில் இரண்டே வரி போட்டுக் கொடுத்தால் பாதிப் பேர் வீட்டிலேயே திருந்திவிடுவார்கள். விதியை மட்டும் சொன்னால் மனிதன் அதில் ஓட்டை தேடுவான். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் யோசிப்பான். தடை செய்யப்பட்ட நாற்பது சாமான்களின் பட்டியலில் கண்ணாடியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் யார் யோசிக்கப் போகிறார்கள்?

மருந்துச் சீசா வேறு விஷயம். கண்ணாடியில் வரும் மருந்து இல்லாமல் முடியாது என்கிற நோயாளி, வாசலிலேயே அதைச் சொல்லிவிடுவது முறை. எந்த விவசாயியும் ஒருவர் மருந்தைப் பிடுங்கித் தன் மாட்டைக் காப்பாற்ற நினைக்க மாட்டார்.

மற்றபடி வண்டிக்காரர்களுக்குப் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு அம்மாள் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். (வீட்டு ஐயா ஒதுக்கினாலும் வேலை நடக்கும்!) பழப்பாகை டப்பாவில் மாற்றலாம். எண்ணெயை எவர்சில்வர் தூக்கில் ஊற்றலாம். குழந்தை உணவை மூடி போட்ட டப்பாவில் எடுத்துக் கொள்ளலாம். கண்ணாடி டம்ளர்களை எடுத்து வெளியே வைத்துவிடலாம். வழியில் சடக்கென்று பிரேக் போட்டால் அலமாரிக்குள் "கலீர்" என்று கேட்குமே, அந்தப் பயமும் தீரும்.

வண்டி கண்ணாடி இல்லாமல் கிளம்பினால் லேசாகவும் இருக்கும். ஒரு காலி திராட்சை மது பாட்டில் மட்டுமே அரைக் கிலோவுக்கு வரும். பன்னிரண்டு பாட்டில் என்றால் ஆறு கிலோ. உள்ளே இருப்பது தனி.

ஓய்வு ஆண்டு

சில வருஷங்களுக்கு ஒருமுறை கிளாஸ்டன்பரியில் விழா நடத்துவதில்லை. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகள் அப்படி விடப்பட்டன. 2026-ஐயும் ஓய்வு ஆண்டாக அறிவித்தார்கள். கோடிக் கணக்கில் வருமானம் வரும் விழாவை, புல் வளரட்டும் என்று ஒரு வருஷம் நிறுத்தி வைப்பது சாதாரணக் காரியம் அல்ல. வியாபாரி செய்ய மாட்டான். விவசாயிதான் செய்வான்.

அந்த வருஷங்களில் மாடுகளுக்கு ஜூன் மாதமும் மைதானம்தான்.

விழா நடக்கும் வருஷங்களில் திங்கட்கிழமை காலையிலேயே கேம்பர் வேன்கள் வரிசையாகக் கிளம்பிவிடும். வண்டி நின்ற இடத்தில் நீள் சதுரமாகப் புல் மஞ்சளித்துக் கிடக்கும். பிறகு குப்பை பொறுக்குகிறவர்கள் பைகளோடு வருவார்கள். அவர்கள் வேலை முடியப் பல வாரங்கள் ஆகும். அவர்களுக்குப் பின்னால் காந்தம் கட்டிய டிராக்டர் வரும். அதுவும் போன பிறகுதான் மாடுகளை அந்தப் புல்லுக்கு ஓட்டி வருவார்கள்.